பெயர் நிலைக்கும், பெறுமதி தேயும்: ஐரோப்பிய நாணயப் பெயர்களின் இலத்தீன் வேர்கள்

வர்த்தக நண்பர்களே, நாம் அன்றாடம் பில் எழுதுகிறோம். ஐந்நூறு ரூபா என்றால் 500 என்று எழுதி அதன் பின்னால் ஒரு சரிந்த கோடும் சிறு கீறும் போடுகிறோம்: 500/-. சிலர் இரண்டு கீறு போடுவார்கள். வேறு எவரும் பின்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கோடு என்று எம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பயனும் அதற்கு உண்டுதான். ஆனால் அந்தச் சரிந்த கோட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அச்சுத் தொழிலில் அதனை ‘சொலிடஸ்’ என்பார்கள். அது சுமார் 1,700 வருடங்களுக்கு முன்னர் உரோமப் பேரரசில் வெளியான ஒரு தங்கக் காசின் பெயர்.

அந்தத் தங்கக் காசு எப்படி எமது பில் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தது என்பதை இவ்வாரம் பார்ப்போம். சொல்லாராய்ச்சி வியாபாரிக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். காசின் பெயர் என்பது வெறும் பெயரல்ல, அது ஒரு வாக்குறுதி. இவ்வளவு நிறை, இவ்வளவு எண்ணிக்கை, இவ்வளவு தூய்மை என்று அந்தப் பெயர் ஒரு காலத்தில் உறுதி கூறியது. வாக்குறுதி போன பின்னரும் பெயர் அப்படியே இருக்கும். இதைத் தெரிந்து வைத்திருப்பது கடன் கொடுத்து வாங்கும் எவருக்கும் நல்லது.

கோயில் பெயர் காசின் பெயரானது

ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குத் தாய் இலத்தீன். அது உரோமர்களின் மொழி. உரோம நகரின் கபிட்டோலின் குன்றின் மீது ஜூனோ என்ற பெண் தெய்வத்துக்குக் கி.மு. 344 இல் ஒரு கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. அங்கு அத்தெய்வத்துக்கு ‘மொனெட்டா’ என்று பட்டம். எச்சரிக்கை செய்பவள் என்று உரோமர்கள் அதற்குப் பொருள் கூறினர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை அண்டியே உரோமர்களின் நாணயச்சாலை இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் மொனெட்டா என்றால் நாணயச்சாலை என்றாயிற்று. பின்னர் அங்கிருந்து வரும் காசுக்கும் அதுவே பெயராயிற்று.

இத்தாலியருக்கு இன்றும் அது மொனேத்தாதான். ஸ்பானியருக்கு மொனேதா, பிரெஞ்சுக்காரருக்கு மொனே, ஜேர்மனியருக்கு முன்ஸ, ஒல்லாந்தருக்கு முன்ட். ஆங்கிலத்திலோ இச்சொல் இரண்டு வழிகளில் நுழைந்து இரண்டு சொற்களாயிற்று. பழைய ஆங்கிலத்தின் வழியாக வந்தது ‘மின்ட்’, அதாவது நாணயச்சாலை. பிரெஞ்சின் வழியாக வந்தது ‘மணி’, அதாவது பணம்.

இறாத்தலும் பத்தும்

உரோமர்களின் நிறுவை அலகு ‘லிப்ரா’. எமது வழக்கில் சொன்னால் ஓர் இறாத்தல். இந்தச் சொல்லே இத்தாலியில் லீரா ஆகவும் பிரான்சில் லீவ்ர் ஆகவும் மாறியது. இங்கிலாந்தின் பவுண் என்ற சொல்லும் இலத்தீனில் நிறையைக் குறித்த ‘பொண்டோ’ என்பதிலிருந்து வந்தது. ஸ்டேர்லிங் பவுணின் அடையாளமாக நாம் பார்க்கும் குறி, லிப்ராவின் முதலெழுத்தின் குறுக்கே கோடு கீறியதேயன்றி வேறில்லை. நாம் பாணுக்கும் சீனிக்கும் சொல்லிவந்த இறாத்தல் என்ற சொல்லும் இக்குடும்பத்துக்குத் தூரத்து உறவு. அரபு மொழியின் ‘ரத்ல்’ என்பதே அதன் மூலம். அதுவோ கிரேக்க மொழியின் ‘லித்ரா’விலிருந்து வந்தது. லித்ராவும் லிப்ராவும் உடன்பிறப்புகள்.

அடுத்தது ‘டெனாரியஸ்’. கி.மு. 211 அளவில் உரோமர்கள் வெளியிட்ட வெள்ளிக் காசு இது. ‘பத்து உடையது’ என்பது பொருள். அஸ் என்ற பத்துச் செம்புக் காசுகளுக்கு அது சமம். ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே அதன் பெறுமதியைப் பதினாறு அஸ் என்று மாற்றிவிட்டார்கள். எண்ணிக்கை மாறியபோதும் பெயரை எவரும் மாற்றவில்லை. ‘பத்துக்காசு’ என்றே பதினாறு காசை மக்கள் அழைத்தார்கள்.

டெனாரியசின் பிள்ளைகள் இன்றும் உலகெங்கும் வாழ்கின்றன. இத்தாலியில் தெனாரோ, ஸ்பெயினில் தினேரோ, போர்த்துக்கலில் தின்யெய்ரு. மூன்றுக்கும் பொருள் பணம். சேர்பியாவில் தினார், வட மக்கெடோனியாவில் தெனார் என இன்றைய நாணயங்களுக்கே அதுதான் பெயர். பிரான்சில் அது ‘டெனியர்’ ஆயிற்று. இந்த டெனியரை நம்மில் புடவை, பைத்துணி வியாபாரம் செய்பவர்கள் நன்கு அறிவார்கள். நான் பல வருடங்களாகப் பைத்துணி இறக்குமதி செய்பவன். ஒவ்வொரு உருளிலும் 210 டெனியர், 420 டெனியர், 600 டெனியர் என்று எழுதியிருக்கும். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுவே அந்நூலின் டெனியர். பிரான்சில் அந்தச் சிறு காசை நிறுவைப் படியாகவும் பயன்படுத்தியதால் வந்த பெயர் இது.

இந்த இரு பெயர்களையும் ஒரே கணக்கில் கட்டியவர் சார்ள்மேன் என்ற பிராங்கிய மன்னர். கி.பி. 790களில் அவர் செய்த சீர்திருத்தத்தின்படி ஓர் இறாத்தல் வெள்ளியிலிருந்து 240 டெனாரியஸ் அடிக்க வேண்டும். 12 டெனாரியஸ் ஒரு சொலிடஸ், 20 சொலிடஸ் ஒரு லிப்ரா. இங்கிலாந்தில் இதுவே 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்றாகி 1971 பெப்ரவரி 15 வரை நீடித்தது. என் வாப்பா இங்கிலாந்திலிருந்து சரக்கு எடுத்த காலத்துப் பட்டியல்களில் மூன்று நிரல்கள் இருக்கும். அவற்றின் தலைப்பில் லிப்ரா, சொலிடஸ், டெனாரியஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளே இருக்கும். ஆகவேதான் பென்ஸ் என்பதற்கு அதோடு சம்பந்தமே இல்லாத ‘டி’ எழுத்தை ஆங்கிலேயர் போட்டார்கள்.

எமது சரிந்த கோடும் இங்கிருந்துதான் வருகிறது. சிலிங்கைக் குறிக்க சொலிடஸின் முதலெழுத்தான ‘எஸ்’ எழுத்தைப் பழைய முறைப்படி நீட்டி எழுதுவார்கள். எழுதுவினைஞர்கள் அவசரமாக எழுத எழுத அது வெறும் சரிந்த கோடாகிவிட்டது. 5/6 என்றால் ஐந்து சிலிங் ஆறு பென்ஸ். 5/- என்றால் ஐந்து சிலிங், பென்ஸ் இல்லை. 1872 முதல் இலங்கையின் கணக்கு ரூபாவுக்கும் சதத்துக்கும் மாறியது. ஆனால் சிலிங்கின் கோடு ரூபாவோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை இருக்கிறது.

டெனாரியஸ் தேய்ந்த கதை

இனி விடயத்துக்கு வருவோம். டெனாரியஸ் ஆரம்பத்தில் கிட்டத்தட்டச் சுத்தமான வெள்ளி. பேரரசுக்குச் செலவு கூடியது. படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், போர் நடத்த வேண்டும். வெள்ளியோ போதவில்லை. கி.பி. 64 இல் நீரோ மன்னர் காசின் நிறையையும் தூய்மையையும் சற்றுக் குறைத்தார். பின்வந்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. கி.பி. 200 அளவில் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் காசில் பாதியளவே வெள்ளி இருந்தது. டெனாரியசின் இடத்தைப் பிடித்த இரட்டைக் காசில் கி.பி. 270 அளவில் நூற்றுக்கு ஐந்து வீதம்கூட வெள்ளி இல்லை. செம்புக்கு மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டுமே.

விளைவு என்ன? முதல் பேரரசர் ஒகஸ்டஸ் காலத்தில் ஓர் இறாத்தல் தங்கத்தின் பெறுமதி ஏறத்தாழ 1,000 டெனாரியஸ். கி.பி. 301 இல் டயோகிளீஷியன் மன்னர் பொருட்களுக்கெல்லாம் உச்ச விலை நிர்ணயித்துக் கட்டளை பிறப்பித்தபோது அதே இறாத்தல் தங்கத்துக்கு எழுதிய விலை 72,000 டெனாரியஸ். கட்டளையை மீறினால் மரண தண்டனை. ஆனால் சரக்குகள் சந்தையிலிருந்து மறைந்தன என்றும் கட்டளை கைவிடப்பட்டது என்றும் அக்காலத்தில் வாழ்ந்த எழுத்தாளர் லக்டான்டியஸ் எழுதியிருக்கிறார். தண்டனைக்குப் பயந்து வியாபாரி விலைப் பலகையை மாற்றலாம், காசுக்குள் இல்லாத வெள்ளியை அவனால் கொண்டுவர முடியாது.

இந்த மூன்று நூற்றாண்டுகளிலும் காசின் பெயர் மட்டும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டன் ஆயிரம் டெனாரியஸ் சேர்த்து வைத்தார். பேரன் ஆயிரம் டெனாரியசை எண்ணி எடுத்தான். எண்ணிக்கை சரி, பெயர் சரி, பொருள் மட்டும் இல்லை.

திடமான காசு

கொன்ஸ்டன்டைன் மன்னர் கி.பி. 310 அளவில் புதிய தங்கக் காசொன்றை வெளியிட்டார். ஓர் இறாத்தல் தங்கத்துக்கு 72 காசுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரைக் கிராம். அதற்கு ‘சொலிடஸ்’ என்று பெயர். திடமானது, முழுமையானது என்று பொருள். பெயர் வைப்பது இலகு, காப்பாற்றுவதுதான் கடினம். ஆனால் கொன்ஸ்தாந்திநோபிளின் ஆட்சியாளர்கள் ஏறக்குறைய 700 வருடங்கள் இக்காசின் நிறையையும் தூய்மையையும் பெரிதாகக் குறையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். உலக வரலாற்றில் இதற்கு ஈடான நாணயங்கள் மிகக் குறைவு.

இக்காசு இலங்கையிலும் ஒரு பரீட்சைக்கு முகங்கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற அலெக்சாந்திரிய வியாபாரி எழுதிய நூலில் இது இருக்கிறது. சொபாட்டர் என்ற உரோம வியாபாரியும் பாரசீகர் ஒருவரும் தப்ரபேன், அதாவது இலங்கை மன்னரின் சபைக்கு வந்தார்கள். உங்கள் இருவரின் மன்னர்களில் யார் பெரியவர் என்று மன்னர் கேட்டார். பாரசீகர் தம் மன்னரைப் புகழ்ந்து தள்ளினார். சொபாட்டரோ, “இரண்டு மன்னர்களும் இங்கேயே இருக்கிறார்கள், காசுகளைப் பாருங்கள்” என்றாராம். ஒன்று உரோமரின் தங்கக் காசு, மற்றது பாரசீகரின் வெள்ளிக் காசு. மன்னர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உரோமரையே மெச்சினார். சொபாட்டரை யானை மேல் ஏற்றி மேள வாத்தியத்துடன் நகர்வலம் விட்டார்களாம். உரோமர் பக்கத்துக் கதை என்பதால் அதில் பெருமை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும், அந்நிய ஊரில் ஒரு வியாபாரிக்குப் பேச்சைவிடக் கையிலிருந்த சுத்தமான காசே சாட்சியாக நின்றது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

சொலிடஸின் பிள்ளைகளும் தகப்பனைப் போலவே மரியாதையான சொற்கள். படைவீரருக்குச் சம்பளம் இக்காசில் கொடுக்கப்பட்டதால் ஆங்கிலத்தின் ‘சோல்ஜர்’, ஜேர்மனியரின் ‘சொல்டாட்’ ஆகியவை வந்தன. ஸ்பானிய மொழியில் ‘சுவெல்தோ’ என்றால் சம்பளம். இத்தாலியில் வேலை செய்யும் நம்மவர்கள் பணத்தை ‘சொல்தி’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்குள்ள வங்கிக் கூற்றில் மீதிக்கு எதிரே ‘சால்தோ’ என்று இருக்கும். கணக்கைத் திடப்படுத்தி முடிப்பது என்ற கருத்தில் அதே வேரிலிருந்து வந்த சொல் அது.

அரபு நாடுகளில்

இலத்தீன் பெயர்கள் கிழக்கேயும் போயின. டெனாரியஸ் என்பது தங்கக் காசுக்கும் வழங்கி, கிரேக்க, சிரிய மொழிகளின் வழியாக அரபியில் தீனார் ஆயிற்று. திருக்குர்ஆனில் தீனார் (3:75), திர்ஹம் (12:20) ஆகிய இரு சொற்களும் வருகின்றன. திர்ஹம் என்பது கிரேக்கரின் ‘திரக்மா’விலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. ஹிஜ்ரி 77 இல் (கி.பி. 696-697) கலீபா அப்துல் மலிக் உருவம் பொறிக்காத புதிய தீனாரை 4.25 கிராம் நிறையில் வெளியிட்டார். அதன் தரம் ஐரோப்பாவரை மதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் மேர்சியா நாட்டு மன்னர் ஒஃபா ஹிஜ்ரி 157ஆம் ஆண்டின் அப்பாசிய தீனாரைப் பார்த்து அப்படியே ஒரு தங்கக் காசு அடிப்பித்தார். அரபு எழுத்துகளுக்கு நடுவே ‘ஒஃபா மன்னர்’ என்று இலத்தீனில் இருக்கும் அந்தக் காசு இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

செப்புக் காசான ‘ஃபல்ஸ்’ என்பதும் இலத்தீனே. ‘ஃபொல்லிஸ்’ என்றால் தோல் பை. காசுப் பையின் பெயர் காசுக்கு வந்தது. அதன் பன்மையே ‘ஃபுலூஸ்’. அரபு நாடுகளில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய சொல். வங்குரோத்தானவனை ‘முஃப்லிஸ்’ என்கிறோமே, அச்சொல்லையும் அரபு அகராதிக்காரர்கள் இதிலிருந்தே விளக்குகிறார்கள். திர்ஹம்களாக இருந்த செல்வம் போய்ச் செப்புச் சல்லியில் வந்து நிற்பவன் முஃப்லிஸ்.

ரியால் என்பது ஸ்பானியரின் ‘ரெயால்’. இலத்தீனில் அரசனுக்குரியது என்று பொருள்படும் ‘ரெகாலிஸ்’ அதன் வேர். எகிப்தின் ‘கிர்ஷ்’, தடித்த காசு என்று பொருள்படும் ‘குரோசஸ்’ என்பதிலிருந்து வந்தது. போலந்தின் குரோஷ் என்ற சில்லறையும் அதன் சகோதரம். மறுபக்கத்தில் இத்தாலியர் தமது நாணயச்சாலைக்கு ‘செக்கா’ என்ற பெயரை அரபியின் ‘சிக்கா’விலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சரக்கைப் போலவே சொல்லும் போய் வந்திருக்கிறது.

ஏனைய பெயர்கள்

சுவீடன், நோர்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, செக் நாடு ஆகியவற்றின் நாணயங்களுக்குக் குரோனா, குரோன, கொருனா என்று பெயர். எல்லாமே கிரீடத்தைக் குறிக்கும் ‘கொரோனா’ என்ற இலத்தீன் சொல். 1252 இல் வெளியான புளோரன்ஸ் நகரத்துத் தங்கக் காசில் லில்லிப் பூ இருந்ததால் அது ‘புளோரின்’. ஹங்கேரியின் போரின்ட் அதன் வாரிசு. 1284 இல் வெனிஸ் வெளியிட்ட ‘டுகட்’, கோமகனின் ஆட்சிப் பிரதேசம் என்று பொருள்படும் ‘டுகாட்டஸ்’ என்பதிலிருந்து வந்தது. நூறு என்ற ‘சென்டும்’ சென்ட், சென்டிம், சென்டாவோ ஆகியவற்றைத் தந்தது. எமது சதம் வடமொழியின் ‘சத’ என்பதிலிருந்து வந்தாலும், ஆதியில் இரண்டும் ஒரே வேர்தான்.

எல்லாப் பெயர்களும் இலத்தீன் என்று எண்ணிவிடக் கூடாது. சிலிங்கும் பென்னியும் ஜேர்மானியச் சொற்கள். டொலர் என்பது யோக்கிம்ஸ்தால் என்ற பொஹீமிய வெள்ளிச் சுரங்க ஊரிலிருந்து வந்த ‘தாலர்’.

எமக்கான பாடம்

ஓர் இறாத்தல் வெள்ளி என்ற பொருளோடு தொடங்கிய லீரா, 2002 இல் யூரோவுக்கு இடம் கொடுத்து விடைபெற்றபோது ஒரு யூரோவுக்கு 1,936.27 லீரா என்பது கணக்கு. இன்று ஓர் இறாத்தல் வெள்ளி வாங்க ஒரு பவுண் அல்ல, பல நூறு பவுண் வேண்டும். எமக்கும் இது அந்நிய அனுபவமல்ல. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. பெயர் அதே ரூபாதான். பெப்ரவரியில் கடனுக்குச் சரக்குக் கொடுத்து ஜூனில் முழுத் தொகையையும் குறைவின்றிப் பெற்றவர்கள், அதே பணத்தில் அதே சரக்கை வாங்க முடியாமல் நின்றதை எமது சந்தைகளில் பார்த்தோம்.

ஆகவே மூன்று விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இலாபத்தைப் பணத்தில் மட்டும் பார்க்காதீர்கள். வருட முடிவில் கணக்கு முடிக்கும்போது கையிலுள்ள முதலுக்கு எத்தனை மூடை அரிசி, எத்தனை உருள் துணி வாங்கலாம் என்று பாருங்கள். சென்ற வருட முடிவில் எத்தனை வாங்க முடிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தொகை கூடி உருள் குறைந்திருந்தால் நீங்கள் உழைக்கவில்லை, தேய்ந்திருக்கிறீர்கள். கடன் கொப்பியில் திகதி, தொகை ஆகியவற்றோடு சரக்கின் அளவையும் எழுதி வைத்தால் இந்தக் கணக்கு இலகுவாகும்.

இரண்டாவது, பெயரை வாங்காமல் பொருளை வாங்குங்கள். உருளில் 600 டெனியர் என்று ஒட்டியிருப்பதால் அது 600 ஆகிவிடாது. நான் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மீற்றரை வெட்டித் தராசில் வைத்துப் பார்த்து, முந்திய தொகுதியின் நிறையோடு ஒப்பிட்ட பின்னரே மற்றவற்றைப் பிரிப்பேன். டெனியர் என்பதே நிறையின் பெயர் அல்லவா? நிறுத்துப் பார்ப்பதில் எவரும் கோபிக்க நியாயமில்லை.

மூன்றாவது, உங்கள் கடைப் பெயரும் ஒரு காசுதான். தரத்தில் கொஞ்சம் குறைத்தால் முதல் வருடம் எவருக்கும் தெரியாது, பெயரை வைத்தே சரக்கு ஓடும். நீரோவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அதன் முடிவு வெள்ளிப் பூச்சுப் பூசிய செம்பு. சொலிடஸைக் காத்தவர்களோ ஏழு நூற்றாண்டு காலம் ஊர் ஊராக மதிப்புப் பெற்றார்கள். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அடுத்த முறை பில்லில் அந்தச் சரிந்த கோட்டைப் போடும்போது இதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.